அம்மாவின் ஷிப்ட் எப்போது முடியும்?

மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை



குளிர்காலம் வந்துவிட்டது என்பதை உங்கள் வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? எங்கள் வீட்டில் அதைச் சொல்வது காலண்டர் அல்ல, தேங்காய் எண்ணெய் பாட்டில்தான். ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகை முதலிலோ ஒரு நாள் காலை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுக் கூட விழாது. "அம்மா, எண்ணெய் உறைஞ்சு போச்சு!" என்று கத்துவேன். "அடுப்பு மேடையில கிண்ணத்துல எடுத்து வச்சிருக்கேன் பாரு" என்று பதில் வரும். எண்ணெய் உறைந்தது எனக்குக் காலையில்தான் தெரிகிறது. அம்மாவுக்கோ முந்தின நாள் இரவே தெரிந்திருக்கிறது!

சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும் என்று படித்தவன் நான். படிக்காமலே கிண்ணத்தில் எடுத்து வைத்தவர் அம்மா. நம்மில் யார் டெக்னீஷியன்?

எங்கள் வீடு திண்டுக்கல் பக்கம், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நமக்கு இது செமஸ்டர் தேர்வு சமயம். ரெக்கார்டு நோட்டு, பிராக்டிகல், அரியர் என்று நாம் ஓடிக்கொண்டிருப்போம். அதே சமயத்தில் நம் வீட்டுக்குள்ளே இன்னொரு தொழிற்சாலை முழு லோடில் ஓடிக்கொண்டிருப்பதை நாம் கவனிப்பதில்லை.

நமக்கு 'ப்ரிவென்டிவ் மெயின்டனன்ஸ்' என்றும் 'பிரேக்டவுன் மெயின்டனன்ஸ்' என்றும் சொல்லித் தருகிறார்கள். முன்னது, மெஷின் கெடும் முன்பே நாள் குறித்துக் கவனிப்பது. பின்னது, கெட்ட பிறகு ஸ்பேனரைத் தேடி ஓடுவது. தினமும் பார்க்க வேண்டியது எது, வாரம் ஒரு முறை எது, மாதம் ஒரு முறை எது என்று அட்டவணை போட்டு லேத் மெஷின் பக்கத்தில் மாட்டுகிறோம். இதே அட்டவணை நம் வீட்டிலும் இருக்கிறது நண்பர்களே! ஆனால் எந்தச் சுவரிலும் மாட்டப்படவில்லை. அது அம்மாவின் தலைக்குள் இருக்கிறது.

எங்கள் வீட்டு அட்டவணையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மழை பிடிப்பதற்கு முன்பே தென்னை மட்டையும் பன்னாடையும் சிரட்டையும் வெந்நீர் அடுப்புக்காகத் தாழ்வாரத்தில் அடுக்கப்பட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தப்படும். வியாழக்கிழமை சந்தை. மழையில் அழுகிவிடும் என்பதால் சின்ன வெங்காயத்தை அளவாக வாங்கி, சாக்கில் கட்டி வைக்காமல் பரத்தி வைப்பார். வெள்ளிக்கிழமை தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, பக்கச் சுவர்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். சனிக்கிழமை அப்பாவுக்கும் எனக்கும் எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயில் நாலு மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி வைத்திருப்பார். "வைத்தியனுக்குக் கொடுக்கிறதை வாணியனுக்குக் கொடு" என்பது எங்கள் அப்பத்தாவின் வாக்கு. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் நாள். அதில் கிரீஸும் மசகெண்ணெயும் அப்பிய என் ஒர்க்ஷாப் யூனிஃபார்மும் அடக்கம். வெயில் கிடையாது. காற்றில் ஈரம். கூடத்தில் கயிறு கட்டி, ஃபேனைப் போட்டு, நடுராத்திரியில் எழுந்து ஒரு தரம் திருப்பிப் போட்டால்தான் திங்கள்கிழமை காலை நான் நாற்றமில்லாத சட்டையோடு வகுப்புக்கு வர முடியும்.

இதில் மாவு அரைப்பது தனிக் கதை. கோடையில் ராத்திரி எட்டு மணிக்கு அரைத்தாலும் காலையில் பொங்கி நிற்கும் மாவு, குளிர்காலத்தில் கல் மாதிரி கிடக்கும். குளிரில் புளிப்பு மெதுவாகத்தான் ஏறும். அதனால் அம்மா கார்த்திகை பிறந்தால் மத்தியானமே அரைத்துவிடுவார். பாத்திரத்தைப் பழைய துண்டால் சுற்றி, சூடு ஆறாத அடுப்பின் ஓரத்தில் வைப்பார். இது 'தெர்மல் இன்சுலேஷன்' இல்லாமல் வேறென்ன?

வெள்ளிக்கிழமைத் தொட்டியும் வெறும் சாஸ்திரம் இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் வரை ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். முட்டை தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். பத்து நாளுக்கு ஒரு முறை கழுவினால் போதாதா என்று ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமைன்னு வச்சாத்தான்டா ஞாபகம் இருக்கும்" என்றார். அட்டவணை என்றால் இதுதான்!

இவ்வளவும் எனக்கு எப்போது தெரிய வந்தது தெரியுமா? போன கார்த்திகையில்! அம்மா காய்ச்சலில் படுத்தார். ஒன்பது நாள். வீடு முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் நாள் ஓட்டல் இட்லி. மூன்றாம் நாள் ஈர யூனிஃபார்மை அயர்ன் பாக்ஸால் காய வைக்கப் பார்த்துச் சட்டையைத் தீய்த்துக்கொண்டேன். நான்காம் நாள் அடுப்பு விறகு நனைந்துவிட்டது. தாள் விலகியதை யாரும் பார்க்கவில்லை. அப்படியானால் வெந்நீருக்கு ஹீட்டர் ராடுதான்.

ராடை வாளியில் போட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். திரும்பி வந்து, சூடு ஏறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தேன். சுர்ரென்று ஒரு இழுப்பு! நல்லவேளை, காலில் ரப்பர் செருப்பு இருந்தது. கையை உதறிக்கொண்டு நின்றேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா சாதாரணமாகச் சொன்னார்: "அது எப்பவும் லேசா இழுக்கும்ப்பா. ஒங்கம்மா செருப்பைப் போட்டுக்கிட்டு, கட்டைக் குச்சியால தூக்கித்தான் எடுப்பா. ஒங்கிட்டக் கூடச் சொன்னாளே, பரீட்சை முடியட்டும்னியாமில்ல?"

நண்பர்களே, அந்த ஷாக்கை விட இந்த வார்த்தை கொடுத்த ஷாக் பெரிது. ஆம், சொல்லியிருந்தார். நானும் அப்படித்தான் பதில் சொல்லியிருந்தேன். அந்தப் பரீட்சையில் 'எர்த்திங்' பற்றி எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன்!

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஊர் ஒயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டு வந்து பார்த்தோம். ராடின் உறையில் மயிரிழை விரிசல். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருந்ததால் எர்த் இணைப்பே இல்லை. கசிந்த மின்சாரத்துக்குப் பூமிக்குப் போக வழியில்லாமல் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரிலேயே காத்துக்கொண்டிருந்தது. நனைந்த உடம்பின் மின்தடையை 1000 ஓம் என்று எடுத்துக்கொண்டால், 230 வோல்ட்டுக்கு 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க இதில் பாதி கூட வேண்டாம். எர்த் சரியாக இருந்து, 30 மில்லி ஆம்பியரில் 'ட்ரிப்' ஆகும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தியிருந்தால், கசிவு தொடங்கிய கணமே அது மின்சாரத்தைத் துண்டித்திருக்கும். அன்று மாலையே ராடு குப்பைக்குப் போனது. மூன்று பின் சாக்கெட், புது எர்த் ஒயர், ஆர்.சி.சி.பி. எல்லாம் வந்தன. செலவு அப்பாவுடையது, கூலி அண்ணனுடையது. வெட்கம் மட்டும் என்னுடையது.

இன்னொரு கணக்கும் அன்று போட்டுப் பார்த்தேன். 15 லிட்டர் தண்ணீரை 23 டிகிரியிலிருந்து 41 டிகிரிக்குக் கொண்டுவர 1500 வாட் ராடுக்குச் சுமார் 12½ நிமிடம் ஆகும். ஆகும் மின்சாரம் 0.315 யூனிட். நான்கு பேருக்கு நான்கு வாளி என்றால் ஒரு நாளைக்கு 1¼ யூனிட். இரண்டு மாதத்துக்கு 75 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் முக்கால் பாகம் வெந்நீருக்கே போய்விடும். அம்மா ஏன் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மட்டையை எரிக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

இது என் வீட்டுக் கதை மட்டுமா? மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வதைக் கேளுங்கள். வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் சம்பளமில்லாமல் உழைக்கிறார். ஆண் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்! 2024 கணக்கெடுப்பில் இவை 289, 88 என்று இருக்கின்றன. ஐந்து வருடத்தில் வேலை இருவருக்குமே கொஞ்சம் குறைந்திருக்கிறது. பங்கு மட்டும் மாறவில்லை. 289 நிமிடம் என்பது கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். வாரம் ஏழு நாளும். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் முடிந்தால் சங்கு ஊதும், அடுத்த ஷிப்ட் உள்ளே வரும். அம்மாவுக்கு எந்தச் சங்கு? எந்த அடுத்த ஷிப்ட்?

"படிக்கவே நேரமில்லை, இதில் வீட்டு வேலையா?" என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. செல்போனில் நாம் விரலால் தள்ளும் நேரத்தைக் கணக்கெடுத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்போம். "அம்மாவே விட மாட்டாங்க, நீ படிப்பா, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிடுவாங்க" என்பார்கள் வேறு சிலர். உண்மைதான். ஆனால் கேட்டுப் பார்த்து மறுத்த அம்மாக்கள் எத்தனை பேர், கேட்கப்படாமலே இருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்? "அப்பாவே செய்யவில்லையே?" என்றால், அதற்காகத்தான் நாம் தொடங்க வேண்டும் என்கிறேன்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் இந்தக் கட்டுரையின் தலைப்பைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க செஞ்சா அதுக்குப் பேரு உதவி. நாங்க செஞ்சா அதுக்குப் பேரு வேலை. நாங்களும் இதே பரீட்சைதானே எழுதுறோம்?" பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை முக்கியமாக மாணவர்களுக்குத்தான். மாணவிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் நாங்கள் தாமதமாகப் படிக்கிறோம்.

நான் சொல்வது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. இந்த மூன்று மாதத்துக்கு ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரே ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்வோம். உதவியாக அல்ல, பொறுப்பாக. அதாவது, அம்மா நினைவுபடுத்தாமலே நடக்க வேண்டும். மின்னியல் மாணவன் பிளக், எர்த், அயர்ன் பாக்ஸ் ஒயர் இவற்றைப் பார்க்கட்டும். ராடை அணைத்துப் பிளக்கைக் கழற்றும் வரை தண்ணீரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போடட்டும். சிவில் மாணவன் மொட்டை மாடியில் அடைத்துக்கொண்ட வடிகுழாயைச் சுத்தம் செய்யட்டும். 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்த் தொட்டி பல வீடுகளில் சருகுத் தொட்டியாகக் கிடக்கிறதே, அதையும் பார்க்கட்டும். மெக்கானிக்கல் மாணவன் குறைந்தபட்சம் தன் கிரீஸ் யூனிஃபார்மையாவது தானே துவைக்கட்டும்! ஹாஸ்டல் நண்பர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. வாரம் ஒரு முறை உங்கள் பிளாக்கின் தண்ணீர் டிரம்மைத் தேய்த்துக் கழுவுங்கள். ஊருக்குப் போகும்போது அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

என் வேலை வெள்ளிக்கிழமைத் தொட்டி. ஒரு வருடமாகச் செய்கிறேன். இரண்டு வெள்ளிக்கிழமை தவறவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் தடவை கழுவி முடித்தபோது அம்மா வந்து பார்த்துவிட்டு, "மூலையில பாசி அப்படியே இருக்கு" என்று மட்டும் சொன்னார். பாராட்டை எதிர்பார்த்து நின்ற எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு யோசித்தேன், இத்தனை வருடம் அவரை யார் பாராட்டினார்கள்?

இந்த வருடம் ஐப்பசிக் கடைசியில் ஒரு ராத்திரி, நல்ல குளிர். எழுந்து போய்ப் பாட்டிலிலிருந்து எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பு ஓரத்தில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தலையை வாரிக்கொண்டு போய்விட்டார்.

கார்த்திகைக்கு வாசலில் அகல் ஏற்றும் முன், நம் வீட்டு ஸ்விட்ச் போர்டையும் ஒரு தரம் பார்ப்போம். டிப்ளமோ வாங்கி நாளை ஏதோ ஒரு கம்பெனியின் மெஷினைக் காப்பாற்றப் போகிறவர்கள் நாம். முதலில், நம்மைப் பெற்ற வீட்டில் ஒரு ஷிப்ட் பார்ப்போமே!