ஒரே நாள் கரண்ட்: யாரிடம் சொன்னார்கள்?

தோழர்களே, கொரோனா காலம் என்றதும் ஆக்சிஜனும், நெடுஞ்சாலையில் நடந்தே ஊர் போன தொழிலாளர்களும் நினைவுக்கு வருகிறார்கள். அதே நாட்களில் காலனி வீடுகளுக்குள் வலியோடு கிடந்த புற்றுநோயாளிகளை யாரும் பேசுவதில்லை.

2020 மார்ச் 25க்குப் பிறகு பேருந்து, ரயில் எதுவும் இல்லை. நாங்கள் நிவாரண அரிசி கொண்டுபோன ஒரு காலனியில் ஓர் அக்கா. களை எடுக்கும் கூலி. மார்பகப் புற்று தொடை எலும்புக்குப் பரவியிருந்தது. புரண்டு படுக்கவும் முடியாது. "கரண்ட் வைக்க பத்து நாள் தொடர்ந்து வரச் சொன்னாங்க தம்பி" என்றார். தொண்ணூறு கிலோமீட்டர். இ-பாஸ் நாங்கள் வாங்கிவிடுவோம், வண்டிக்கு எங்கே போவது? ஊர்த்தெருவில் கார் இருந்தது. தொற்று பயம் என்றார்கள். தொற்றுக்கு முன்னால் மட்டும் காலனிக்காரரை ஏற்றினார்களா? வெளியூர் வேன் ஒரு நாளைக்குக் கேட்ட வாடகை அக்காவின் இரண்டு வாரக் கூலி. நூறு நாள் வேலையிலேயே அந்த ஆண்டு கூலி 256 ரூபாய்தான்.

மூன்று வாரம் அப்படியே போனது. பிறகு வேறொரு மருத்துவமனையின் டாக்டர் போனில் விசாரித்துவிட்டுச் சொன்னார்: "ஒரே நாள் கூட்டிட்டு வாங்க, போதும்."

அதன் பிறகுதான் நாங்கள் தேடிப் படித்தோம். எலும்புக்குப் பரவிய புற்றின் வலிக்கு 8 கிரே கதிர்வீச்சை ஒரே தடவையில் கொடுத்தாலும், 30 கிரேயைப் பத்துத் தடவையாகப் பிரித்துக் கொடுத்தாலும் வலி குறைவது ஏறத்தாழ ஒன்றுதான். 1990களிலிருந்தே ஆய்வுகள் இதைச் சொல்லிவருகின்றன. ஒரே தடவை வைத்துக்கொண்டவர்களுக்கு மறுபடி வைக்க வேண்டிவருவது கூடுதல், உண்மை. எலும்பு முறியும் நிலை, தண்டுவடம் நசுங்கும் நிலை என்றால் கணக்கு வேறு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இப்படி ஒரு வழி உண்டு என்று சொல்வதற்கு என்ன தடை? ஆஸ்பத்திரியில் கூட்டத்தைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது பல நாட்டு வழிகாட்டுதல்களும் ஒரே தடவையைத்தான் முன்வைத்தன. கூலிக்காரர் பத்து நாள் கூலியையும் பத்து நாள் பஸ் காசையும் இழந்துகொண்டிருந்த அத்தனை ஆண்டுகளும் இது யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை.

முற்றிய நோய் என்றதும் "இனி ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று நம் ஆட்களிடம் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்! நோயைக் குணமாக்க முடியாதபோதும் வலியைக் குறைக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றில் நிற்காமல் போகும் ரத்தத்தையும் பெரும்பாலும் கதிர்வீச்சால் கட்டுப்படுத்தலாம். மார்ஃபின் இருக்கிறது. வலியில்லாமல் சாவதும் உரிமைதான்.

அக்காவுக்கு ஒரே தடவைதான் வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஒருக்களித்துப் படுத்துத் தூங்கியதாக அவர் மகள் போனில் சொன்னாள். தீபாவளிக்கு முன்பே அக்கா இறந்துவிட்டார். அந்த மூன்று வாரம் மட்டும் எங்களுக்கு ஆறவே இல்லை.

மருத்துவம், நர்சிங் படிக்கும் தோழர்கள் உங்கள் காலனிக்குப் போகும்போது நோயாளியின் சீட்டை வாங்கிப் பாருங்கள். பத்து நாள் என்று எழுதியிருந்தால், கூடவே போய் டாக்டரிடம் கேளுங்கள்: "இவருக்கு ஒரே தடவையில் முடியுமா சார்?"