படை கலையலாம், குறிப்பேடு தொலையக் கூடாது

ஒரு கிலோபைட் என்பது எத்தனை பைட்? 1024 என்று நம் வாசகர்களில் பள்ளி மாணவர்கள்கூடச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பத்து இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண் இது. கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் 1024-க்கு மவுசு வந்தது என்று நினைக்கிறோம். ஆனால் மின்சாரத் தந்தியே இல்லாத 1790-களில், இந்த 1024-ஐ வைத்துக்கொண்டு ஒரு நாடு செய்தி அனுப்பியது. அந்த நாடு ஸ்வீடன்.

இதைச் செய்தவர் ஆப்ரஹாம் நிக்லஸ் எடல்கிரான்ட்ஸ். அடிப்படையில் அவர் ஒரு கவிஞர். பிரான்சில் கிளாட் ஷாப் அமைத்த கண்பார்வைத் தந்தியைப் பற்றி 1794-இல் கேள்விப்பட்டார். உடனே சோதனையில் இறங்கினார். அதே ஆண்டு நவம்பர் 1, அரசர் நான்காம் குஸ்தாவ் அடால்ஃபின் 16-வது பிறந்த நாள். அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து ட்ராட்னிங்ஹோம் அரண்மனைக்கு ஒரு வாழ்த்துக் கவிதையைத் தந்தியில் அனுப்பிக் காட்டினார்.

பிறகு அவர் இறுதி செய்த கருவி இன்னும் சுவையானது. உயரமான இடத்தில் ஒரு பெரிய சட்டம். அதில் மூன்று பத்திகள், பத்திக்கு மூன்று என ஒன்பது பலகைகள். உச்சியில் தனியாகப் பத்தாவது பலகை. கயிற்றை இழுத்தால் பலகை தெரியும் அல்லது மறையும். வேறு நிலை கிடையாது. அதாவது 1 அல்லது 0. பத்து பலகைகள், மொத்தம் 1024 அமைப்புகள். நாம் பிட் என்கிறோமே, அதுதான் அந்தப் பலகை!

ஒவ்வொரு பத்தியிலும் மேலிருந்து கீழாக 1, 2, 4 என்று மதிப்பு. மேலும் கீழும் தெரிந்தால் 5. மூன்றும் தெரிந்தால் 7. இப்படி மூன்று பத்திக்கு மூன்று இலக்கங்கள். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் ஃபைல் பர்மிஷனுக்கு 755 என்று கொடுப்பதும் இதே கணக்கில்தான். எதிர் நிலையத்தில் இருப்பவர் தொலைநோக்கியில் பார்த்து அந்த எண்ணைத் தன் பலகையில் திரும்பக் காட்டுவார். சரியாக வந்திருக்கிறதா என்று அனுப்பியவர் பார்த்துக்கொள்வார். கடைசியில் குறிப்பேட்டைப் புரட்டினால், எந்த எண்ணுக்கு எந்தச் சொல் என்று தெரியும்.

1808-இல் ரஷ்யாவுடன் போர் மூண்டதும் இந்தத் தந்திக்கு ராணுவத் தேவை வந்தது. 1809 வாக்கில் கடற்கரையை ஒட்டிச் சுமார் 50 நிலையங்கள் இருந்தன. போர் முடிந்ததும் அவை முடங்கின. எடல்கிரான்ட்ஸ் 1821-இல் இறந்தார். பின்னாளில் கார்ல் ஃபிரெட்ரிக் அக்ரெல் என்ற ராணுவ அதிகாரி தந்திக்குப் பொறுப்பேற்று அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். 1853-இல் ஸ்டாக்ஹோமுக்கும் உப்சாலாவுக்கும் இடையே மின்தந்தி வந்தபோது, அந்தப் புதிய துறைக்கும் தலைவரானவர் இதே அக்ரெல்தான். பழைய முறையின் தலைவரே புதிய முறைக்கும் தலைவர்! பலகைத் தந்தி படிப்படியாகக் குறைந்து 1880-களில் முடிவுக்கு வந்தது.

ராணுவத்தின் சிக்னல் பிரிவுகளுக்குத் தனிக் கதை உண்டு. 1902-இல் ஸ்வீடன் ராணுவம் களத் தந்திப் படையைத் தொடங்கியது. 1937-இல் அது சிக்னல் ரெஜிமென்ட் ஆனது. அதன் கிளைகள் வளர்ந்து தனிப் பிரிவுகளாயின. பனிப்போர் முடிந்தபின் செலவைக் குறைக்க ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 2007 முதல் என்ஷோப்பிங் நகரில் உள்ள கட்டளை, தொடர்பு ரெஜிமென்ட் அந்த வேலையைச் செய்கிறது.

என்னைக் கவர்ந்தது அவர்கள் கலைக்கும் முறைதான். ஒரு பிரிவை மூடினால் அதன் கொடிக்கும் பெயருக்கும் நினைவுகளுக்கும் யார் பொறுப்பு என்று முடிவு செய்து, இன்னொரு பிரிவிடம் ஒப்படைக்கிறார்கள். மூடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. மூடுபனி வந்தால் பலகைத் தந்தி ஊமை. கம்பி வந்தபின் அதைக் கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை. ஆனால் மூடுவது வேறு, தொலைப்பது வேறு.

நம் சாஃப்ட்வேர் உலகில் இந்த ஒப்படைப்பு நடக்கிறதா? என் அனுபவத்தில் பெரும்பாலும் இல்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஏற்கெனவே மூடப்பட்ட ஒரு புராஜெக்டின் டேட்டாவைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றச் சொன்னார்கள். ஃபைல்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒவ்வொரு ரெக்கார்டின் தொடக்கத்திலும் ஓர் எண். அதற்கு என்ன பொருள் என்று எழுதிவைத்தவர் ஒருவரும் இல்லை. எழுதிய குழுவும் கலைந்துவிட்டது. அந்த ஓர் எண்ணுக்காக மூன்று வாரம் போனது. பலகை இருக்கிறது, குறிப்பேடு இல்லை!

எடல்கிரான்ட்ஸ் அப்படி விடவில்லை. கருவியின் அமைப்பையும் செய்தி அனுப்பும் விதிகளையும் 1796-இல் நூலாகவே வெளியிட்டார். பல தலைமுறை கழித்து, 1995-இல் ஜெரார்ட் ஹோல்ஸ்மன், பியோர்ன் பெர்சன் என்ற இருவர் ஆரம்பகால டேட்டா நெட்வொர்க்குகளின் வரலாற்றை எழுதியபோது, இந்தத் தந்தியை நுணுக்கமாக விளக்க முடிந்தது. கடைசிப் பலகை இறங்கி நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் வேலை செய்யும் முறை தெரிகிறது என்றால், காரணம் அந்த எழுத்துதான்.

இது புரோகிராமர்களுக்கு மட்டும் உரிய பாடமா? இல்லை. உங்கள் வீட்டு ஹார்டு டிஸ்கைத் திறந்து பாருங்கள். பழைய ஃபான்ட்டில் அடித்த கடிதங்கள் இன்று கிறுக்கலாகத் தெரிகின்றனவா? இப்போது எங்குமே கிடைக்காத அப்ளிகேஷனில் வீட்டுக் கணக்கு இருக்கிறதா? அவற்றைத் திறக்க முடிகிற கம்ப்யூட்டர் ஒன்று உயிரோடு இருக்கும்போதே, எந்த சாஃப்ட்வேரும் படிக்கும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக மாற்றிவிடுங்கள். எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது, எந்த சாஃப்ட்வேரில் செய்தது, எந்த ஃபான்ட் என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.

பேக்கப் எடுத்துவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பேக்கப் காப்பாற்றுவது பலகையை மட்டும்தான். குறிப்பேட்டை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். அதற்குச் செலவு ஒரு தாள், அரை மணி நேரம். இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து எழுதிவிடலாமே!