கைப்பிடி வலுவும் அளவுகோலும்

உடல்நலம் வாய்ந்தோரின் தசைவலுவை அறிவதற்கு, கையால் எதிர்த்து அழுத்திப் பார்த்து 0 முதல் 5 வரை மதிப்பெண் இடும் மருத்துவ முறை பயன்படாது. அது நரம்புக் காயத்தால் நலிந்த தசைகளை ஆராய்வதற்கென ஏற்பட்டது. மூட்டை சுமக்கும் தொழிலாளியும் அலுவலக எழுத்தரும் அம்முறையில் ஒருங்கே 5 பெறுவர். கைப்பிடி விசையைக் கிலோகிராமில் காட்டும் டைனமோமீட்டரே களப்பணிக்கு ஏற்றது.

கருவி எளியது, கையாளும் முறையிலேதான் குழப்பம் நேர்கிறது. அளக்கப்படுபவர் அமர்ந்திருத்தல் வேண்டும். மேற்கை விலாவை ஒட்டியும், முழங்கை செங்கோணமாக மடிந்தும் இருத்தல் வேண்டும். ஓர் ஊரில் நிற்கவைத்தும் மற்றோர் ஊரில் அமரவைத்தும் எடுத்த எண்களை ஒப்பிடுதல், ஒருவரைச் செருப்புடனும் மற்றவரை வெறுங்காலுடனும் நிறுத்தி உயரம் பார்ப்பது போன்றதே. எத்தனை முறை அழுத்தினார், குறித்தது பெரும அளவா சராசரியா என்பனவும் ஏட்டில் ஏற வேண்டும். ஊக்குவிப்பவரின் குரல்கூட முள்ளை நகர்த்தவல்லது!

இனி, பெற்ற எண்ணை எதனோடு ஒப்பிடுவது? 2019இல் ஐரோப்பிய வல்லுநர் குழு, ஆண்களுக்கு 27 கிலோவும் பெண்களுக்கு 16 கிலோவும் வலுக்குறைவின் எல்லை என்றது. அதே ஆண்டில் ஆசியக் குழு வகுத்த எல்லைகளோ 28, 18. இவை கிழக்காசியத் தரவுகளைப் பெரிதும் தழுவியவை. 21 நாடுகளில் 1,25,462 நலமுடையோரை அளந்து 2016இல் வெளியான ஆய்விலோ, தெற்காசியரின் அளவுகள் மிகத் தாழ்ந்தவற்றுள் இடம்பெற்றன. ஆசியா என்னும் பெயரை மட்டும் நம்பி அவ்வெல்லையை இந்தியருக்குப் பொருத்தினால், நலமாக உள்ள பலரும் நலிந்தோராக எண்ணப்படுவர்.

ஆயின் எல்லையைத் தாழ்த்திவிடலாமே எனின், அதுவும் அவசர முடிபே. இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், பிடிவலு 5 கிலோ குறையுந்தோறும் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு மிகுந்திருக்கக் காணப்பட்டது. இளமையில் ஊட்டம் குன்றியதால் விளைந்த குறைவை இயல்பென்று அட்டவணையில் ஏற்றினால், குறை மறையாது; கண்ணுக்குப் படாமற் போகும்.

2017-18இல் முதற்சுற்று நடந்த இந்திய முதியோர் நெடுங்கால ஆய்வு 45 வயதும் அதற்கு மேலும் ஆனோரின் பிடிவலுவை அளந்தது. தசைவலு உச்சமடையும் 20 முதல் 40 வயதினருள், நல்லுணவு பெற்று வளர்ந்தோரின் அளவுகளை மாநிலந்தோறும் ஒரே முறையில் திரட்டுதலே அடுத்த தேவை. அதுவரையில் ஒருவரின் இவ்வாண்டு அளவை, அதே கருவியில் எடுத்த அவருடைய சென்ற ஆண்டு அளவோடு ஒப்பிடுவது அயல் அட்டவணையினும் நம்பத்தக்கது.