பேரீச்சம்பழத்துக்குப் போன கணிப்பொறிகள்

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவியபடி தெருவில் வந்த தள்ளுவண்டிக்காரரைக் கண்ட கடைசித் தலைமுறை அநேகமாக நம்முடையதுதான். அந்த வணிகத்தில் ஒரு நேர்மை இருந்தது. தான் கொடுப்பது ஓட்டை அண்டா என்று கொடுப்பவளுக்குத் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். தாம்பரத்துத் தெருக்களில் அந்தக் குரல் ஓய்ந்துவிட்டது. வணிகம் மட்டும் ஓயவில்லை. அது நம் கல்லூரிகளுக்குள் குடிபுகுந்திருக்கிறது. இப்போது கொடுப்பவருக்குத் தாம் எதைக் கொடுக்கிறோம் என்றே தெரிவதில்லை.

பீடிகை போதும், செய்திக்கு வருகிறோம். தென்சென்னைப் புறநகரில் நாங்கள் பணியாற்றும் கல்லூரியில், சென்ற கோடை விடுமுறையின்போது, பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த பண்டக அறை ஒன்று திறக்கப்பட்டது. உடைந்த பெஞ்சுகளுக்கும் விடைத்தாள் கட்டுகளுக்கும் பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட பழைய கணிப்பொறிகள் கிடந்தன. குழு அமைத்தார்கள், விலைப்புள்ளி கோரினார்கள், கிலோ இன்னவிலை என்று முடித்தார்கள். தராசு வந்தது, வண்டி வந்தது, அறை காலியாயிற்று. அந்தக் குழுவில் இருந்தவர்களில் மூவர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். தமிழ்த்துறையின் சார்பில் கையொப்பமிட்டவர்களில் நாமும் அடக்கம். ஆகவே இக்கட்டுரையை வேறு யாரையோ குற்றஞ்சாட்டும் உரையாகக் கொள்ள வேண்டாம்.

கையொப்பமிட்டு இரண்டு வாரங்கள் கழிந்த பிறகுதான் நினைவு வந்தது. எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர், இன்று அவர் இல்லை, செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த மாணவர்களைக் கொண்டு அவரவர் பாட்டிமாரின் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் திரட்டினார். 1998 முதல் நான்கைந்து ஆண்டுகள், மாலை நேரங்களில் துறைக் கணிப்பொறியில் அவரே அவற்றைத் தட்டச்சிட்டு வைத்தார். நூலாக்க எண்ணியிருந்தார், காலம் அவரை விடவில்லை. பாடிய பாட்டிமார்களும் இன்று இருக்க வாய்ப்பில்லை.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு ஓடினோம். பழைய டிரங்க் சாலையில் வாரந்தோறும் கூடும் அந்தச் சந்தையில் கிடைக்காத பழம்பொருள் இல்லை என்பது புறநகர்வாசிகள் அறிந்ததே. தார்ப்பாய் விரிப்பு ஒன்றின் மேல் எங்கள் கல்லூரியின் வெள்ளைப் பெயிண்ட் எண்ணோடு ஒரு பெட்டி கிடந்தது. உள்ளே வன்தட்டு இல்லை. "ஹார்ட் டிஸ்க்கெல்லாம் தனியா போயிடும் சார், அத வாங்குறவங்க வேற" என்றார் கடைக்காரர். எங்கே போகும் என்று கேட்டோம். உதட்டைப் பிதுக்கினார். அவர்மேல் எமக்குக் கோபமில்லை. எதைத் தனியே பிரிக்க வேண்டும், எது எவரிடம் விலைபோகும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தக் குறைந்தபட்ச அறிவுகூடக் குழுவில் அமர்ந்திருந்த எங்களுக்கு இல்லை.

பழைய கணிப்பொறியின் விலை குறித்து நம்மிடையே இரண்டு மூடத்தனங்கள் உலவுகின்றன. முதலாவது, மேலே சொன்ன கிலோக் கணக்கு. இரண்டாவது, லட்சக் கணக்கு. 1976-இல் 666.66 டாலருக்கு விற்கப்பட்ட ஆப்பிள்-1 கணிப்பொறி ஒன்று 2014 அக்டோபரில் நியூயார்க்கில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 9,05,000 டாலருக்குப் போயிற்று. வாங்கியது ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம். இத்தகைய செய்தியைப் படித்துவிட்டு, பரணில் கிடக்கும் பெண்டியம் பெட்டிக்கு இரண்டு லட்சம் சொன்ன சேலையூர் நண்பர் ஒருவரை அறிவோம். ஆப்பிள்-1 ஏறத்தாழ இருநூறு மட்டுமே உருவாக்கப்பட்டது. ஏலம் போனது, இயங்கும் நிலையில் எஞ்சிய மிகச் சிலவற்றுள் ஒன்று. பெண்டியம் பெட்டியோ கோடிக்கணக்கில் பிறந்தது. விற்பவர் கேட்கும் தொகையை விலை என்று கொள்வது பேதைமை. உண்மையில் கைமாறிய தொகையே விலை.

பழமை தன்னளவில் விலையைத் தருவதில்லை. எத்தனை செய்யப்பட்டன, எத்தனை எஞ்சின என்பது முதற்கேள்வி. விசைப்பலகை, கையேடு, நெகிழ்வட்டுகள், அட்டைப்பெட்டி ஆகியன உடன் உள்ளனவா, இயங்குகிறதா என்பன அடுத்தவை. எங்கே, எவர், எதற்காகப் பயன்படுத்தினார் என்பதற்குச் சான்று உண்டா என்பது இறுதிக் கேள்வி. சேகரிப்பாளர் பெரிதும் மதிப்பது இதையே. நம் கல்லூரிகளில் இதற்கான சான்று ஆயத்தமாக இருக்கிறது. டெட் ஸ்டாக் ரெஜிஸ்டர் என்று அலுவலகத்தார் அழைக்கும் அந்தத் தடித்த பேரேட்டில் வாங்கிய நாள், கொடுத்த தொகை, வந்த துறை எல்லாம் மையால் எழுதப்பட்டிருக்கும். பொருளை எடைக்குப் போடும்போது அந்தப் பதிவைச் சிவப்பு மையால் அடித்துவிடுகிறோம். சில ஆண்டுகளில் பேரேடும் எடைக்குப் போகிறது.

இந்தியாவில் இக்கேள்விகளுக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. 1978-இல் ஐ.பி.எம். இந்நாட்டை விட்டு வெளியேறியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் கடுமையாக இருந்தன. ஆகவே எச்.சி.எல்., டி.சி.எம்., விப்ரோ, அரசின் ஈ.சி.ஐ.எல். முதலிய நிறுவனங்கள் இங்கேயே கணிப்பொறிகளைச் செய்தன. இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோவை மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் 'யூனிகார்ன்' என்ற பெயரில் வெளியிட்டது. 1984-85-இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாகப் பிபிசி மைக்ரோக்கள் நம் பள்ளிகளுக்கு வந்தன. சிங்ளேர் ஸ்பெக்ட்ரத்தை உரிமம் பெற்று டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் இங்கே விற்றது. இவற்றில் ஒன்று பண்டக அறையில் கிடைத்தால் அது அரிய பொருள். அதைப் பெட்டியின் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்காமல் தராசில் ஏற்றுகிறோம். காயலான் கடைக்காரரோ 1995-இல் வந்த பெண்டியம் புரோ சில்லுவைக் கண்டால் கவனமாக எடுத்து வைப்பார். அதன் பீங்கான் உடலில் பிற சில்லுகளைவிடத் தங்கம் மிகுதி.

ஆயினும் பெட்டியின் விலை இரண்டாம்பட்சமே. தமிழ் படித்தவர்களாகிய நம்மை உறுத்த வேண்டியது உள்ளிருக்கும் எழுத்து.

இன்று ஒருங்குறியில் எழுதிப் பழகிய மாணவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தத்தமக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்தனர். ஒன்றில் 'க' இருந்த இடத்தில் மற்றொன்றில் 'ழ' இருக்கும். பிறகு தகுதரம் என்னும் திஸ்கி வந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் குறியேற்றங்கள் வந்தன. 2010-இல்தான் தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சிட்ட ஒரு கோப்பு, அதற்குரிய எழுத்துரு இல்லையெனில், பொருளற்ற குறிகளின் குவியல். அந்த எழுத்துரு பெரும்பாலும் எங்கே இருக்கும்? அதே வன்தட்டில், விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையில். பூட்டும் சாவியும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. பெட்டியை எடைக்குப் போடுபவர் இரண்டையும் சேர்த்தே போடுகிறார்.

உ.வே.சா. ஏடு தேடி ஊரூராக அலைந்த வரலாற்றை ஆண்டுதோறும் வகுப்பில் உருக்கமாக நடத்துகிறோம். கரையானுக்கும் தீக்கும் ஏடுகளைத் தந்த முன்னோரை நொந்துகொள்கிறோம். அவர்களுக்காவது ஒரு சமாதானம் உண்டு. ஏட்டைப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் அவர்களுள் இருந்தனர். நமக்கு என்ன சமாதானம்? பல்கலைக்கழக மானியக்குழு ஊதியத்தில் அமர்ந்துகொண்டு, ஒரு வன்தட்டைத் திருகாணி கழற்றி எடுக்கச் சோம்பியவர்கள் நாம்.

மறுப்புகள் வரும் என்பதை அறிவோம். இடமில்லை என்பார்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வகைக்கு ஒன்று போதும். எஞ்சியதை விற்கலாம், விற்கவும் வேண்டும். பழைய கண்ணாடித் திரைகளில் ஈயம் உண்டு, அவற்றைக் குவித்து வைப்பது தீங்கு என்பார்கள். உண்மை. திரையை முறையாக அப்புறப்படுத்துவதற்கும் வன்தட்டைக் காப்பதற்கும் முரண்பாடு ஏதுமில்லை. மின்கழிவு விதி இருக்கிறதே என்பார்கள். 2016-ஆம் ஆண்டு விதிகள் கல்வி நிறுவனங்களைப் பெயர் சுட்டியே பொறுப்பாக்கின. அவற்றுக்கு மாற்றாக வந்த 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. கழிவை எப்படி அகற்றுவது என்பதை விதி சொல்லும். எது கழிவு என்பதைப் பொருளை உடையவர்தாம் முதலில் முடிவுசெய்ய வேண்டும். படித்துப் பாராமல் அந்த முடிவை எப்படி எடுப்பது?

செய்ய வேண்டியது ஒரு நாள் வேலை. கண்டதும் மின்சாரம் கொடுத்துவிடக் கூடாது. பழைய மின்தேக்கிகள் வெடிக்கும், கசிந்த மின்கலம் பலகையை அரித்திருக்கும். முதலில் பெயர்ப்பலகையைப் படித்து வரிசை எண்ணோடு குறித்துக்கொள்ள வேண்டும், படமெடுத்துக்கொள்ள வேண்டும். வன்தட்டைக் கழற்றி, அதற்குரிய சிறு இணைப்பியின் துணையோடு, அதில் உள்ளதை எழுத்துருக்கள் உட்பட முழுமையாகப் படியெடுக்க வேண்டும். நெகிழ்வட்டுகளுக்கும் இதே முறைதான். மாணவர்களின் மதிப்பெண்ணும் முகவரியும் இருப்பின் விற்குமுன் அழித்துவிட வேண்டும். பேரேட்டுப் பக்கத்தின் நகலை இயந்திரத்தோடு சேர்க்க வேண்டும். அதன் பின்னர் விலை பேசலாம். அந்த விலை கிலோக் கணக்கைவிட மேலாக இருக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: பல வேளை இராது. ஆனால் தெரிந்து விற்றோம் என்பது இருக்கும்.

பல்லாவரத்துக்கு இன்னொரு வரலாறு உண்டு. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே சரளைக் குழி ஒன்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். எடைக்குப் போட்டால் ஒரு காசுகூடப் பெறாத கல். அது மனிதன் செதுக்கிய கருவி என்று அறிந்து, எடுத்த இடத்தையும் நாளையும் அவர் எழுதி வைத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. அதே ஊரில், வெள்ளிக்கிழமைதோறும், நாம் நேற்று வரை எழுதியதை இன்னதென்று அறியாமலே கைவிட்டு வருகிறோம்.

இந்த ஆண்டும் கோடை விடுமுறை வரும். பண்டக அறைகள் திறக்கப்படும். உங்கள் கல்லூரியில் குழு கூடும்போது, கையொப்பமிடும் முன் வன்தட்டு எங்கே என்று ஒருவராவது கேளுங்கள். நாம் கேட்கவில்லை. அந்த ஒப்பாரிகள் இனி யாரிடமும் இல்லை.