சுழலும் கெமரா வாங்க முதல்

2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததிலிருந்து பள்ளிவாசல், கோயில், பாடசாலை எங்கும் கெமராப் பேச்சுத்தான். இப்ப பனிச்சங்கேணியிலும் சுழலும் கெமரா ஒன்று போதும் என்கிறார்கள். நாங்கள் உடன்படவில்லை.

அது ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்க்கும். வாவிப் பக்கம் திரும்பி நிற்கையில் கேற்றடியில் நடப்பது பதிவாகாது. இருந்து திருப்ப ஆளும் இல்லை. அந்தக் காசுக்கு அசையாத கெமராக்கள் சிலதை வாங்கலாமே.

வாங்கித்தான் தீருவோம் என்றால் வயரிங்கைக் கேளுங்கள். பழைய வகைக்குப் படத்துக்கு ஒரு கேபிள், கரண்டுக்கு ஒன்று, திருப்புவதற்கு ஆர்.எஸ்.485 சோடி வயர். அந்தச் சோடி இடம் மாறினாலோ, கெமராவின் முகவரி இலக்கம் ரெக்கோடரோடு ஒத்துப்போகாவிட்டாலோ படம் வரும், கெமரா அசையாது. ஐபி வகைக்கு ஒரே நெட்வேர்க் கேபிள் போதும், ஆனால் 100 மீற்றருக்குள். அதிலேயே கரண்டும் போவதென்றால் 15 வாட் சுவிட்ச் பெரும்பாலும் பத்தாது, 30 வாட் வேணும். நம்ம உப்புக் காத்துக்கு மூட்டுகளைத் திறந்து விடவே கூடாது. மாரி இடிக்கு எர்த்தும் அவசியம்.

இதைவிடப் பெரிய கேள்வி, திருப்பும் கை யாருடையது? ஸூம் பண்ணினால் பக்கத்து வளவுக் கிணற்றடியே தெரியும். அந்தப் பக்கத்தைப் படத்தில் மறைக்கும் வசதி பல கெமராக்களில் உண்டு, பூட்டும் அன்றே போடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டையும் அன்றே மாற்றுங்கள். பூட்டியவரின் போனில் நம்ம ஊர் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.