ஊசி ஈக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை

"ஈயில என்னங்க வகை, எல்லாம் ஈதானே?" என்று டவுன்ல இருந்து வரும் நண்பர்கள் கேட்பதுண்டு. பட்டுப்புழு வளர்க்கிறவன் அப்படிச் சொல்ல முடியாது.

புழு மனைக்குள் ஊசி ஈ வந்துவிட்டால் எங்களுக்குத் தூக்கம் போச்சு. பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெரிசு. பட்டுப்புழுவின் தோல் மேல் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை முட்டை வைக்கும். இரண்டு மூன்று நாளில் பொரிந்து உள்ளே நுழைந்துவிடும். நுழைந்த இடத்தில் கறுப்புத் தழும்பு நிற்கும். கடைசிப் பருவத்தில் மாட்டிய புழு எப்படியோ கூடு கட்டிவிடும். ஆனால் ஈயின் புழு அந்தக் கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். ஒரே இழையாக ஆயிரம் மீட்டர் வரைக்கும் வரவேண்டிய நூல் துண்டு துண்டாப் போச்சு. உங்கள் பட்டுப்புடவைக்கு அந்தக் கூடு ஆகாது.

பெயரைக் கேட்டு தைக்கிற ஊசி என்று நினைக்காதீங்க. ஜப்பானிய மொழியில் 'உஜி' என்றால் ஈயின் புழு. நம்ம வாயில் அது ஊசி ஆச்சு. வம்பும் இங்கேதான். ஜப்பான்காரர்களின் உஜி ஈ வேறு பேரினம், பிளெஃபாரிப்பா. அது மல்பெரி இலை மேல் பொடிப்பொடியாக முட்டை வைக்கும். பட்டுப்புழு இலையோடு சேர்த்து விழுங்கிவிடும். நம்ம ஈ எக்சோரிஸ்டா பாம்பிசிஸ். இரண்டும் டாக்கினிடே என்ற ஒரே குடும்பம். ஒரே குலதெய்வம், வேற வேற வகையறா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தியாசம் புத்தகத்துக்கு மட்டும் இல்லை. நம்ம ஈ புழுவின் உடம்பில்தான் முட்டை வைத்தாகணும். அதனால ஜன்னலுக்கும் கதவுக்கும் நைலான் வலை கட்டினாலே பாதி வேலை முடிஞ்சுது. தோட்டத்து இலையில் முட்டை வைக்கிற ஈயை மனையில் வலை கட்டி எப்படித் தடுப்பீங்க?

1980-ல் மேற்கு வங்கத்திலிருந்து வந்த விதைக்கூடுகளோடு இது கர்நாடகத்துக்குள் நுழைந்து, பிறகு நம்ம பக்கமும் பரவியது. பழைய புத்தகங்களில் இதையே டிரைக்கோலைகா என்றும், எக்சோரிஸ்டா சார்பிலன்ஸ் என்றும் எழுதியிருக்கிறார்கள். படிக்கிறவன் மூணு பூச்சி என்று நினைப்பான்.

அதே பேரினத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2018-ல் இந்தியாவுக்குள் வந்து மக்காச்சோளத்தை அழித்த படைப்புழுவுக்குள் இருந்து கர்நாடகத்தில் எடுத்த ஒட்டுண்ணிகளில் எக்சோரிஸ்டா சார்பிலன்சும் ஒன்று. மனைக்குள் எதிரியின் பங்காளி, சோளக்காட்டில் கூலி கேட்காத ஆள்!

அதனால்தான் "ஈயைக் கண்டா மருந்தடி" என்கிற யோசனை எனக்குப் பிடிப்பதில்லை. மனையில் அடித்தால் பட்டுப்புழுவே சாகும். காட்டில் அடித்தால் நமக்கு உழைக்கிற ஈ சாகும். ஊசி ஈயின் கூட்டுப்புழுவைத் துளைத்து அழிக்க நீசோலிங்ஸ் தைமஸ் என்ற குட்டிக் குளவி இருக்கிறது. வலையும் அதுவும் சேர்ந்தாலே நல்ல பலன்.

விவசாயிகளுக்குக் கொடுக்கிற துண்டுப் பிரசுரத்தில் ஊசி ஈ என்று மட்டும் போட்டால் போதாது. எந்தப் பேரினம், முட்டை எங்கே வைக்கும் என்று இரண்டு வரி சேர்க்கணும். லத்தீன் பெயர் எங்களுக்குப் புரியாது என்று யாரும் முடிவு பண்ண வேண்டாம். டிஏபி, மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் வாயில் நுழைந்தது, எக்சோரிஸ்டா நுழையாதா?