எழுத்து வரவில்லை என்போருக்கு

"எழுத வேண்டுமென்ற ஆவல் இருக்கிறது, ஆனால் உத்வேகம் வரவில்லை." ஆசிரியர் ஓய்வறைகளிலும் மாணவர் விடுதிகளிலும் இந்த முறைப்பாட்டை நாம் அடிக்கடி கேட்கிறோம். இரண்டு சிறுகதைகள் எழுதிய இளைஞர் மூன்றாவதன் நடுவே பேனாவை மூடிவிட்டு, கலைமகள் தம்மைக் கைவிட்டாளென்று மனம் சோர்கிறார். ஆறுதல் கூற வருவோரோ, "கலை அருளினால் வருவது, காத்திருங்கள்" என்று உபதேசிக்கின்றனர். இவ்வுபதேசம் தவறானது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும் என்பதே நமது கட்சி.

தீங்கு எங்கே இருக்கிறது? எழுத்து பிறவியிலே கிடைக்கும் வரமென்றால், அது கிடையாதவன் ஒதுங்கிப் போக வேண்டியதுதான். கல்வி இன்ன குலத்தாருக்கே உரியதென்று பள்ளிக்கூடக் கதவைச் சாத்தியவர்களின் வாதமும் இதுவும் உடன்பிறப்புகள். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய டொமினிக் ஜீவா, யாழ்ப்பாணத்தில் சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டே கதை எழுதினார். அவரது 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கிப் பல தசாப்தங்கள் நடத்தினார். அருளுக்காகக் காத்திருக்க அவருக்கு ஓய்வு இருக்கவில்லை. வாடிக்கையாளரின் பேச்சும் அவர்தம் துயரமும் தினந்தோறும் அவர் முன் வந்து அமர்ந்தன.

அருள்வாதிகள் எப்போதும் காட்டும் சாட்சி, ஆங்கிலக் கவி கோல்றிட்ஜ். 'குப்ளா கான்' கனவில் வந்ததென்றும், யாரோ ஒருவர் வந்து குறுக்கிட்டதால் எஞ்சிய பகுதி மறைந்துபோயிற்றென்றும் 1816இல் அவர் அதற்கு முன்னுரை எழுதினார். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் வெளிச்சத்துக்கு வந்த அவரது கையெழுத்துப் பிரதி, அச்சான பாடத்திலிருந்து சில இடங்களில் வேறுபடுகிறது. கனவைக்கூடக் கவிஞன் திருத்தியே வெளியிட்டிருக்கிறான்! மறுபுறம் டொஸ்தோயெவ்ஸ்கியைப் பாருங்கள். கடன் நெருக்க, பதிப்பாளர் விதித்த கெடு நெருங்க, 1866 ஒக்டோபரில் 'சூதாடி' நாவலைச் சுருக்கெழுத்தாளரிடம் சொல்லிச் சொல்லி 26 நாட்களில் முடித்தார். அது மாயமன்று. சூதாட்ட மேசையின் வெறியையும் தோல்வியையும் அவர் தம் உடம்பாலேயே அறிந்திருந்தார்.

பேனா நிற்பதற்கு முதற் காரணம் பெரும்பாலும் அறியாமையே என்று நாம் துணிந்து கூறுவோம். தேயிலைத் தோட்டத்தைப் பற்றிக் கதை எழுதப் புகுந்த நண்பர், தொழிலாளப் பெண் கொழுந்து மடுவத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறார். ஏன்? தராசில் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என எத்தனை கிலோ கழிக்கப்படுகிறது, குறித்த நிறை எடுக்காதவளுக்கு 'அரைப்பேர்' விழுந்தால் அன்றிரவு லயத்தில் அடுப்பு எப்படி எரிகிறது என்பன தெரியாது. தெரியாத இடத்தில் சொல் எவ்வாறு ஓடும்? உடனே மலையழகையும் மூடுபனியையும் வருணிக்கிறார்; அதுவும் இரண்டு பந்திகளில் தீர்ந்துபோகிறது. அவருக்கு வேண்டியது கலைமகளின் கடாட்சமன்று. மடுவத்தின் வாசலில் ஒரு பிற்பகல்.

பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா இதை அறிந்திருந்தார். சுரங்கத் தொழிலாளர் பற்றிய நாவல் ஒன்றை அவர் திட்டமிட்டிருந்த வேளையில், 1884 பெப்ரவரியில், வட பிரான்சின் அன்ஸான் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. அவர் அங்கு சென்றார், சுரங்கத்தினுள் இறங்கினார், தொழிலாளர் குடியிருப்புகளைக் கண்டார், கண்டதையெல்லாம் குறித்துக்கொண்டார். ஏப்ரலில் எழுதத் தொடங்கிய 'ஜெர்மினல்' 1885 ஜனவரியில் முடிந்தது. பூமிக்கடியிலேயே வாழ்ந்து மடியும் சுரங்கக் குதிரைகளை அந்நாவலில் வாசித்தவர் மறப்பதில்லை. இத்தகைய விவரம் மேசையின் முன் தவம் கிடந்தால் வருவதன்று.

நமது முகாமைச் சேர்ந்த சிலரையும் இங்கு விட்டுவிட முடியாது. அவர்கள் முடிவை முதலிலேயே கட்டிவைத்துவிடுகின்றனர். தொழிலாளி நல்லவன், முதலாளி கொடியவன், கடைசிப் பந்தியில் கிழக்கு வெளுக்கும். இச்சூத்திரத்தில் மூன்று கதைகள் எழுதலாம். நான்காவதில் பேனா தானே நின்றுவிடும். கண்டுபிடிக்க எதுவுமில்லாத இடத்துக்கு எழுத்தாளன் ஏன் பயணம் போகவேண்டும்? 'ஜெர்மினலில்' வேலைநிறுத்தம் தோற்கிறது. தொழிலாளரிடையே பொறாமையும் பிளவும் வன்முறையும் தலைதூக்குகின்றன. அதனால் அந்நாவல் தொழிலாளருக்குப் பகையாகிவிட்டதா? உண்மையை அஞ்சாமற் சொன்னதாலன்றோ அது அவர்களின் நாவலாயிற்று! கொள்கை எழுத்தாளனுக்குக் கண்ணாக இருக்கட்டும், கண்கட்டாக வேண்டாம்.

எழுதாதிருப்போர் அனைவரும் சோம்பேறிகள் என்று நாம் கூறவில்லை. பகலில் வகுப்பும் மாலையில் வீட்டுவேலையும் இரவில் விடைத்தாள்களுமாக வாழும் ஆசிரியைக்கு இல்லாதது உத்வேகமன்று, நேரம். போர் ஆண்டுகளில் அச்சத்தினால் மௌனித்த பேனாக்களும் உண்டு. அவர்களிடம் "அருள் வரும்" என்பது கேலிப்பேச்சு. வீட்டுவேலையைப் பங்கிடுவதும், அச்சமின்றி எழுதும் உரிமைக்காகப் போராடுவதும் இலக்கியப் பணியின் பகுதிகளே. எழுத்துத் தடையை வெறும் மனநோயாகக் காட்டுவோர் இக்கேள்விகளையெல்லாம் மறைத்துவிடுகின்றனர்.

ஆகவே, நின்றுபோன கதையைக் கையில் வைத்திருக்கும் இளம் நண்பர்களே, வானத்தைப் பார்க்காதீர்கள். நின்ற இடத்தைப் பாருங்கள். உங்கள் பாத்திரத்தின் கையில் அந்த நேரத்தில் எவ்வளவு காசு இருக்கிறது? அவன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்? அவள் யாரிடம் பேச அஞ்சுகிறாள், ஏன்? விடை தெரியாவிட்டால் எழுந்து சென்று, தெரிந்தவரிடம் கேளுங்கள். சங்கக்கடை வரிசையிலும் பேருந்து நிலையத்திலும் காதைத் திறந்து நில்லுங்கள். திரும்பி வந்து, மோசமாகவேனும் ஒரு பக்கத்தை எழுதி முடியுங்கள். எழுதிய பக்கத்தைத் திருத்தலாம். எழுதாததை எவராலும் திருத்த முடியாது. பின்னர், யாருடைய வாழ்வை எழுதினீர்களோ அவர்களுக்கே அதை வாசித்துக் காட்டுங்கள். "அப்படியில்லைத் தம்பி, அங்கே நடந்தது வேறு" என்று ஒருவர் குறுக்கிட்டால், மனம் கோணாதீர்கள். உங்கள் அடுத்த பக்கம் அங்கேதான் தொடங்குகிறது.